அப்புத்தளைக்குக் குடிபோகிறீர்களா? யாழ்ப்பாணத்தவருக்கான மலையூர் வழிகாட்டி

நியமனக் கடிதமோ இடமாற்றக் கடிதமோ கையில் வந்ததும் எங்கள் ஆட்கள் முதலில் கைபேசி வரைபடத்தைத் திறந்து தூரம் பார்ப்பார்கள். "வேலைத்தலத்திலிருந்து நாலு கிலோமீற்றர்தானே, சைக்கிளிலேயே போய் வரலாம்" என்று முடிவெடுத்து முற்பணமும் கட்டிவிடுவார்கள். மட்டமான நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பான கணக்கு. மலையில் அந்தக் கணக்குப் பிழைத்துப் போகும். நாலு கிலோமீற்றர் ஒன்றரை மணி நேர ஏற்றமாக இருக்கலாம். எதிரே கண்ணுக்குத் தெரியும் கிராமத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டி வரலாம். ஓர் இடம் முகட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதற்கு எந்த றோட்டு போகிறது என்ற இரண்டும் தெரியாமல் மலையில் எதையும் தீர்மானிக்காதீர்கள்.

அப்புத்தளையிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ ஒரு வருடமாவது தங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். இரண்டு நாள் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இவ்வளவும் தேவைப்படாது.

1. முதலில் முகட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீற்றர் உயரத்தில், ஒரு மலை முகட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் சிறு பட்டணம். ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்தில் இருக்கிறது. கடைத்தெருவின் ஒரு முனையில் நின்றால் தெற்கே நிலம் சடாரென்று கீழே விழுகிறது. மறுமுனையில் வடக்கே ஊவாப் பள்ளத்தாக்கு அலையலையாக விரிகிறது. இந்த இரண்டு பக்கமும் இரண்டு வேறு உலகங்கள்.

தெற்குச் சரிவில் பெரகலைச் சந்தி, அல்துமுல்லை, கொஸ்லந்தை எல்லாம் வரும். பெரகலையில் கொழும்பு–இரத்தினபுரி–வெல்லவாய வழியான ஏ4 நெடுஞ்சாலையும், அங்கிருந்து அப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலிஎல வரை ஏறும் ஏ16 சாலையும் சந்திக்கின்றன. ஏ4இல் மேற்கே திரும்பினால் அல்துமுல்லை, பலாங்கொடை. கிழக்கே திரும்பினால் கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி, வெல்லவாய. வெல்லவாய வரை இறங்கிவிட்டால் எங்கள் ஊர் வெக்கைதான். இந்தப் பக்கத்து மழைநீர் வளவை கங்கை, கிரிந்தி ஓயா வழியாகத் தென்கடலுக்குப் போகிறது.

வடக்குச் சரிவு மெதுவாக இறங்கும். தியத்தலாவையும் பண்டாரவளையும் ஏ16ஐயும் ரயில் பாதையையும் ஒட்டி இருக்கின்றன. வெலிமடைக்கு பொரலந்தை வழியாகத் தனி றோட்டு போகிறது. இந்தப் பக்கத்து நீர் மகாவலியில் கலந்து திருகோணமலைப் பக்கம் கடலைத் தொடுகிறது. சரிவு மென்மையாக இருப்பதால் மரக்கறித் தோட்டமும் வயலும் குடியிருப்பும் இங்கேதான் அதிகம். பஸ்ஸும் அதிகம்.

மூன்றாவதாக முகட்டின் மேலேயே நீளவாக்கில் போகும் ஊர்களைச் சொல்லவேண்டும். கிழக்கே தொட்டலாகலை, பிட்டரத்மலை, தம்பேத்தன்னை என்று தோட்டங்கள் ஒரு ஒடுங்கிய றோட்டில் வரிசையாக இருக்கின்றன. தம்பேத்தன்னைத் தொழிற்சாலை பட்டணத்திலிருந்து சுமார் 10 கிலோமீற்றர். அதற்கு மேலே லிப்டன் சீட் என்ற காட்சிமுனை வரை தோட்டப் பாதைதான். மேற்கே அடிஷம் மடமும் தங்கமலைக் காடும் தாண்டி, ரயில் பாதையில் அடுத்த நிலையம் இதல்கஸ்ஹின்ன; அதற்கப்பால் ஒஹிய. இதல்கஸ்ஹின்ன சுமார் 1,600 மீற்றர், ஒஹிய சுமார் 1,770 மீற்றர். பெயர்ப்பலகையில் பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் என்றாலும் குளிரும் போக்குவரத்தும் அப்புத்தளையிலிருந்து நிறைய வேறுபடும்.

ஒரு வெள்ளைத்தாளில் முகட்டைக் குறுக்குக் கோடாகப் போட்டு, மேலே சொன்ன ஊர்களை அதன் வடக்கிலும் தெற்கிலும் குறித்துக்கொள்ளுங்கள். வீடு பார்க்கும் நாளில் கைபேசி வரைபடத்தைவிட இந்தத் தாள் உங்களுக்கு உதவும்.

2. உங்கள் இடத்தின் சரியான விலாசத்தைக் கண்டுபிடியுங்கள்

கடிதத்தில் "அப்புத்தளை" என்று போட்டிருந்தால் பட்டணம் என்று நினைத்துவிடாதீர்கள். அது நகரசபை எல்லையாகவும் இருக்கலாம், பிரதேச சபை எல்லையாகவும் இருக்கலாம், தபாலகப் பெயர் மட்டுமாகவும் இருக்கலாம். 90160 என்ற தபால் இலக்கத்தின் கீழ் பட்டணத்திலிருந்து வெகுதூரத்திலுள்ள தோட்டங்களும் அடங்குகின்றன.

கிளம்புமுன் வேலைத்தலத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

- எந்தப் பிரதேச செயலகப் பிரிவு? அப்புத்தளையா, அல்துமுல்லையா, பண்டாரவளையா?
- எந்தக் கிராம அலுவலர் பிரிவு?
- தோட்டமென்றால் எந்தத் தோட்டம், அதில் எந்தப் பிரிவு?
- எந்த றோட்டில், எந்தச் சந்தியில் இறங்கவேண்டும்? அங்கிருந்து ஏற்றமா, இறக்கமா, எவ்வளவு நேர நடை?

மூன்றாவது கேள்வியைத் தவறவிடாதீர்கள். ஒரே தோட்டத்துக்குள் மேற்கணக்கு, நடுக்கணக்கு, பணியக்கணக்கு என்று பிரிவுகள் இருக்கும். ஒன்றுக்கொன்று சில நூறு மீற்றர் உயர வித்தியாசம் இருக்கக்கூடும். பல தோட்டங்களுக்கு ஆவணத்தில் ஒரு பெயர், ஊர்ச்சனம் வழங்கும் பெயர் வேறு. இரண்டையும் கேளுங்கள். பஸ் நடத்துநருக்கும் ஓட்டோக்காரருக்கும் வழக்குப் பெயர்தான் தெரியும். அலுவலகத்துக்கு ஆவணப் பெயர்தான் செல்லும். தோட்டத்துச் சனம் பக்கத்துச் சிங்களக் கிராமங்களை "நாடு" என்று சொல்வார்கள். "நாட்டுப் பக்கம் வீடு இருக்கு" என்றால் தோட்ட எல்லைக்கு வெளியே, கிராமத்தில் இருக்கிறதென்று எடுத்துக்கொள்ளுங்கள்.

3. தூரத்தை உயரத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படத்தை வாங்கிக்கொள்ளுங்கள். உயர்தரத்தில் புவியியல் படித்தவர்களுக்குப் பழக்கமானதுதான். அதில் 1 சென்ரிமீற்றர் என்பது தரையில் 500 மீற்றர். சமவுயரக் கோடுகளுக்கு இடையில் 20 மீற்றர் உயர வித்தியாசம். வீட்டையும் வேலைத்தலத்தையும் குறித்து, இடையில் எத்தனை கோடுகளைத் தாண்டுகிறீர்கள் என்று எண்ணுங்கள்.

நடை நேரத்துக்கு இலகுவான கணக்கு: சமநிலத்தில் 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலதிகமாக 10 நிமிடம் சேருங்கள். 3 கிலோமீற்றர் தூரத்தில் 15 கோடுகளைத் தாண்டினால் ஏற்றம் 300 மீற்றர். தூரத்துக்கு 36 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம், ஆக 66 நிமிடம். மழையிலும் பனிமூட்டத்திலும் இதற்கு மேலும் போகும். கோடுகள் நெருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நேர்ப்பாதை இருக்காது. றோட்டு கொண்டையூசி வளைவுகளாகச் சுற்றிப் போகும், அல்லது படிக்கட்டாக இருக்கும்.

ரயில் நிலையம் கிட்ட இருக்கிறது என்பதையும் நம்பி வீடு எடுக்காதீர்கள். மலையகப் பாதையில் மிகச் செங்குத்தான இடத்திலேயே ரயில் 44 மீற்றர் ஓடி 1 மீற்றர்தான் ஏறும். அதனால் பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. ரயில்களும் ஒரு நாளில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வேலைக்குப் போக நம்பவேண்டியது பஸ்ஸைத்தான். ஒஹிய, இதல்கஸ்ஹின்ன போன்ற இடங்களில் ரயில் போய்விட்டால் அடுத்த வண்டிவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி குறைவு.

குறுக்குவழியென்று தண்டவாளத்தில் நடக்கிறவர்களைப் பார்ப்பீர்கள். நீங்கள் நடக்காதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். வளைவும் சுரங்கமும் உள்ள பாதையில் வண்டி பக்கத்தில் வரும்வரை சத்தம் கேட்காது, சுரங்கத்துக்குள் ஒதுங்க இடமும் போதாது.

4. எந்த மாதத்தில் போவது

மே கடைசியிலிருந்து செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று தெற்குச் சரிவில் மோதி, அப்புத்தளை இடைவெளியூடாக ஊதிக்கொண்டு வரும். எங்கள் கச்சானையும் சோளகத்தையும் நினைத்துக்கொண்டு போனால் போதாது. கூரைத் தகட்டைக் கிளப்பும் காற்று இது. அதே நேரம் வடக்கே ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக்கொடுக்கும் யூலை–செப்ரெம்பர் பருவம் இதுதான். ஒக்ரோபர், நவம்பரில் இடைப்பருவ மழை இரண்டு பக்கமும் கொட்டும். அதைத் தொடர்ந்து யனவரி வரை வடகீழ்ப் பருவமழை ஊவாப் பக்கத்தை நனைக்கும். மார்ச் கடைசி, ஏப்ரலில் பின்னேர இடிமழை.

குடிபோக நல்ல காலம் பெப்ரவரியும் மார்ச் முற்பகுதியும். ஆனால் வீடு பார்க்க மட்டும் வேண்டுமென்றே ஒரு மழை நாளில் போங்கள். எந்தச் சுவர் கசிகிறது, எந்தப் பாதையில் தண்ணீர் ஓடுகிறது, ஓட்டோ எந்த வளைவுக்கு மேலே ஏறமாட்டேன் என்கிறது என்பதெல்லாம் வெயில் நாளில் தெரியாது.

டிசெம்பர் தொடக்கம் ஏப்ரல் வரையும் நீண்ட வாரவிடுமுறைகளிலும் சுற்றுலாக்காரர் நிறைவதால் அறை வாடகையும் ஓட்டோக் கட்டணமும் ஏறும். அந்த நாட்களில் கேட்கும் விலையை நிரந்தர விலையாக எடுத்துக்கொண்டு பேரம் முடிக்காதீர்கள்.

5. போய்ச் சேரும் வழி

யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் போனால் பொல்கஹவெலச் சந்தியில் மலையகப் பாதைக்கு மாறலாம். கொழும்புக் கோட்டைவரை போய்த் திரும்பத் தேவையில்லை. ஆனால் எல்லா விரைவு வண்டிகளும் அங்கே நிற்பதில்லை, இரண்டு வண்டிகளின் நேரமும் பொருந்தாமலும் போகும். பயணச்சீட்டு எடுக்குமுன் இரண்டையும் கேட்டுறுதி செய்யுங்கள். பெட்டி படுக்கையோடு போகிறவர்களுக்குக் கோட்டையிலிருந்து இருக்கை பதிந்து போவதுதான் நிம்மதி. அங்கிருந்து அப்புத்தளைக்கு ஒன்பது மணித்தியாலம் அளவில் பிடிக்கும். முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். பதுளை வண்டிகளின் இருக்கைகள் சட்டென்று முடிந்துவிடும். அடையாள அட்டை இலக்கம் கொடுத்துத்தான் பதியவேண்டும், பயணத்திலும் அட்டை கையில் இருக்கவேண்டும். அரச ஊழியர்கள் தங்கள் ரயில் பயண வாரண்டை நிலையத்தில் கொடுத்து இருக்கையைப் பதிந்துகொள்ளவேண்டும்; வாரண்ட் இருக்கிறதென்று கடைசி நாளில் போய் நின்றால் இடம் இருக்காது.

பஸ்ஸில் என்றால் ஏ9 வழியே கண்டி. கண்டியிலிருந்து நுவரெலியா, வெலிமடை, பொரலந்தை ஊடாக அப்புத்தளை. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் மாறவேண்டி வரலாம். பின்னேரம் ஆகிவிட்டால் வெலிமடை–அப்புத்தளைப் பஸ்கள் குறைந்துவிடும். ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் எடுத்து விடியக் கண்டியில் இறங்குவதுதான் சரி. கொழும்புவழி வந்தால் கொழும்பு–பதுளைப் பஸ்கள் பெரகலையில் ஏறி அப்புத்தளை ஊடாகவே போகின்றன. சிறு தரிப்பிடங்களில் அவை நிற்காது. சில வேளை முழுத் தூரத்துக்கும் காசு கேட்பார்கள். ஏறுமுன்பே இறங்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

மழைக்குப் பின் எந்தப் பாதையும் மூடப்பட்டிருக்கலாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையக றோட்டுகளிலும் ரயில் பாதையிலும் பல இடங்களில் மண் சரிந்தது. ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்ட பிறகே திட்டம் போடுங்கள்.

6. வீடு: அவசரப்படவேண்டாத இடம்

முதல் இரண்டு வாரத்துக்கு பண்டாரவளையிலோ அப்புத்தளைப் பட்டணத்திலோ ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு வீடு தேடுங்கள். தூர இருந்து படம் பார்த்து முற்பணம் அனுப்புவதுதான் மிக அதிகமாகக் காசு போகும் பிழை.

*சரிவைப் பாருங்கள்.* வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி மட்டமாக்கியிருக்கிறார்களா? வெட்டிய மண்சுவர் எவ்வளவு உயரம், தாங்குசுவர் இருக்கிறதா, அந்தச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளைகள் இருக்கின்றனவா? துளையில்லாத சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கும். அந்த அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சரிந்து நிற்கும் மரமும் மின்கம்பமும், இறுகித் திறக்க மறுக்கும் கதவு, திடீரென்று கலங்கி வரும் அல்லது வற்றிப்போன ஊற்று ஆகியவை நிலம் அசைகிறது என்பதற்கான அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த வீட்டை விடுங்கள், வாடகை எவ்வளவு குறைந்தாலும். ஓடைக்கு மேல் கட்டிய வீடும் வேண்டாம். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடை ஒக்ரோபரில் கல்லையும் கொண்டுவரும். 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) மண் மூடியதும் இதே பருவத்தில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயப் படங்களை வைத்திருக்கிறது. கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்து அனர்த்த முகாமைத்துவ அலுவலரிடமோ அந்த இடம் எந்த வலயத்தில் வருகிறது என்று கேளுங்கள். கேட்பதற்குச் செலவில்லை.

*தண்ணீரைக் கேளுங்கள்.* அங்கே எங்கள் ஊர் மாதிரி வளவுக்கொரு கிணறு கிடையாது. மேலே உள்ள ஊற்றிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர், அல்லது ஊற்றுநீர் வந்து விழும் பீலி. எந்த ஊற்று, எத்தனை வீட்டுக்கு அது போகிறது, யூலை–செப்ரெம்பரில் வற்றுமா, குழாய் அடைத்தால் யார் திருத்துவது? ஊற்றுக்கு மேலே குடியிருப்போ உரம் போடும் தேயிலை மலையோ இருந்தால் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் தொடவேண்டாம். மழைக்குப் பின் கலங்கல் வரும், ஆகவே தாங்கியோ இரண்டு பெரிய வாளியோ வேண்டும்.

*யாருடைய வீடு?* தோட்டத்து லயமும் தோட்ட வீடும் பெரும்பாலும் அங்கே குடியிருப்பவருக்குச் சொந்தமானவை அல்ல. நிலம் பெரும்பாலும் அரசினுடையது, தோட்டக் கம்பனி குத்தகைக்கு வைத்திருக்கிறது. அங்கே "ஓர் அறை வாடகைக்குத் தாறோம்" என்று யாராவது அன்பாகச் சொன்னாலும் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் போகாதீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, இடம் தந்த குடும்பத்துக்கும் அது சிக்கலாக முடியும். கிராமங்களில் பல காணிகள் அரச அனுமதிப்பத்திரக் காணிகள். வாடகைக்கு இருப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "மலிவாக எழுதித் தாறன்" என்ற பேச்சுக்குப் போனால், பிரதேச செயலரின் அனுமதியின்றி அந்தக் கைமாற்றம் செல்லாது. காணிப் பேச்சு வந்தால் அளவும் வேறு: அங்கே பேர்ச்சும் ஏக்கரும். எங்கள் ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர்.

*கைபேசியை எடுத்துப் பாருங்கள்.* முகட்டின் நிழலில் உள்ள வீட்டுக்கு அலைவரிசை வராது. ஒவ்வோர் அறையிலும் நின்று ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள்.

ஒப்பந்தம் பற்றி ஒன்று. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி எழுதியதை நம்பி ஒரு வருட முற்பணம் கொடுக்காதீர்கள். முற்பணத்தை எப்போது, என்ன கழிவோடு திருப்பித் தருவார்கள், இடமாற்றம் வந்தால் எத்தனை நாள் அறிவித்தல் என்ற இரண்டையும் எழுத்தில் போடச் சொல்லுங்கள். மின்மானி வாசிப்பை முதல் நாளே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. கையில் இருக்கவேண்டிய பத்திரங்கள்

தேசிய அடையாள அட்டை, நியமனக் கடிதம், பிறப்பு மற்றும் திருமணச் சான்றிதழ்கள், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நிழற்பிரதிகள், கடவுச்சீட்டு அளவுப் படங்கள். இதோடு உங்கள் சொந்த ஊர்க் கிராம அலுவலரின் வதிவிட, நற்சான்றிதழை பிரதேச செயலரின் மேலொப்பத்தோடு கிளம்புமுன் எடுத்துவிடுங்கள். அங்கே உள்ள கிராம அலுவலருக்கு உங்களைத் தெரியாது; அவர் கேட்கும் முதல் கடதாசி இதுதான். ஆறு மாதம்வரை செல்லும், ஆகவே மிக முந்தியும் எடுக்கவேண்டாம்.

போய் இறங்கிய முதல் வாரத்தில் புதிய கிராம அலுவலரைச் சந்தித்து வதிவைத் தெரிவியுங்கள். அப்புத்தளை, அல்துமுல்லை இரண்டும் இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவுகள்; தமிழில் விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் மேசைக்கு மேசை சிங்களம் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் வேலை அன்றைக்கே முடியும். தமிழ்ச் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்புக் கேட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் எடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலேயே எடுத்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

வாக்காளர் பதிவை மாற்றுவதை நன்றாக யோசித்துச் செய்யுங்கள். ஒருவர் ஓரிடத்தில்தான் பதியலாம். பிள்ளையைப் பின்னாளில் யாழ்ப்பாணத்துப் பாடசாலையில் முதலாம் தரத்துக்கு அருகிலுள்ள வதிவு அடிப்படையில் சேர்க்க எண்ணினால், முந்திய ஐந்து வருட வாக்காளர் இடாப்பைப் பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள். அவசரத்தில் பெயரை மாற்றினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

8. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

வாடகையைப் பார்த்து வீடு எடுக்கிறவர்கள் ஓட்டோவில் தோற்பார்கள். பிரதான சாலையிலிருந்து மேலே போகும் வீட்டின் வாடகை குறைவாகத்தான் இருக்கும். அந்த ஏற்றத்துக்கு ஓட்டோ ஒரு வழிக்கு 400 ரூபா என்று வைத்துக்கொண்டால், போக வர 800. மாதத்தில் 22 வேலை நாளுக்கு 17,600 ரூபா. அவ்வளவு வித்தியாசத்தில் றோட்டுக்கரையிலேயே வீடு கிடைக்கலாம். இரண்டு வீட்டையும் ஒப்பிடும்போது வாடகையோடு இந்தத் தொகையையும் கூட்டிய பிறகு முடிவெடுங்கள். மாத ஒப்பந்தத்துக்கு ஒரே ஓட்டோவைப் பேசினால் குறைத்துத் தருவார்கள். அதுவும் மழை நாளில் வருவாரா என்பதைக் கேட்டுக்கொண்டு.

சாமான் ஏற்றிப்போகும் வாகனத்துக்குத் திரும்பும் பயணக் காசும் சேர்த்துத்தான் கேட்பார்கள். கட்டில், அலுமாரி எல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து ஏற்றுவது வீண், பண்டாரவளையில் வாங்கலாம். மின்விசிறி தேவையே இல்லை. அந்தக் காசுக்குக் கம்பளியும் தண்ணீர் சூடாக்கும் கேத்தலும் வாங்குங்கள். சமையல் எரிவாயு எங்கள் ஊரைவிடக் கூடுதலாகச் செலவாகும், காரணத்தைக் கீழே சொல்கிறோம். தோட்டச் சம்பளம் வரும் 10ஆந் திகதியை ஒட்டிக் கடைகளிலும் பஸ்களிலும் கூட்டம் நெரியும். பெரிய சாமான் வாங்குவதை அதற்கு முன்னோ பின்னோ வையுங்கள்.

மோட்டார் சைக்கிள் கொண்டுபோகிறவர்கள் பிரேக்கைப் புதிதாக்கிக்கொண்டு போங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர் இறக்கத்தில் இயந்திரத்தால் வேகத்தைப் பிடிக்காது. பிரேக்கிலேயே தொங்கிக்கொண்டு இறங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். கியர் வண்டியில் ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். ஒடுங்கிய இடத்தில் ஏறி வரும் வாகனத்துக்கு வழிவிடவேண்டும். அதிலும் தம்பேத்தன்னை றோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் ஹோர்ன் அடித்தே திரும்புங்கள்.

9. குளிரும் குசினியும்

1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். யாழ்ப்பாணத்தில் 30 பாகை இருக்கும் நேரம் அப்புத்தளையில் 20, 21 என்று எடுத்துக்கொள்ளலாம். இரவில் இன்னும் இறங்கும், காற்று சேர்ந்தால் உடம்புக்கு அதைவிடக் குளிரும். தொய்வு, முட்டு உள்ளவர்கள் பட்டணத்தைவிட பண்டாரவளைப் பக்கம் வீடு பார்ப்பது நல்லது. சுமார் 200 மீற்றர் தாழ்ந்தது, பனிமூட்டமும் காற்றும் குறைவு.

அந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகையளவிலேயே கொதித்துவிடும். அதனால் குத்தரிசியும் பருப்பும் கடலையும் வேக நேரம் எடுக்கும், எரிவாயுவும் அதற்கேற்பப் போகும். பிரஷர் குக்கர் ஒன்றை முதல் பயணத்திலேயே கொண்டுபோங்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். ஒடுங்கிய வாய்ப் போத்தலில் விட்டால் எடுக்க முடியாது, அகன்ற வாய்ப் போத்தலில் வையுங்கள். நல்லெண்ணெய்க்கு அந்தத் தொல்லையில்லை. வறுத்தரைத்த மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். அம்மா கட்டித் தரும் ஆறு மாதத் தூளை அப்படியே கொண்டுபோகாமல், சிறு சிறு பைகளாகக் கட்டி, ஒன்றை மட்டும் திறந்து பாவியுங்கள். தோசை மா இரவோடு புளிக்காது. கணகணப்பான அடுப்பங்கரையில் வைத்தாலும் கூடுதல் நேரம் கொடுக்கவேண்டும். தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர் மாதிரி வன்னீர் இல்லை என்பதால் சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். பாதி அளவு போதும். உடுப்புக் காய இரண்டு மூன்று நாள் போகும், ஆகவே வேலைக்குரிய உடுப்பு ஆறு சோடியாவது வேண்டும்.

10. முதல் மாதத்தில் ஒழுங்கு செய்யவேண்டியவை

காலை முதல் பஸ், மாலை கடைசிப் பஸ் இரண்டின் நேரத்தையும் நடத்துநரிடம் கேட்டு எழுதுங்கள். பலகையில் உள்ள நேரம் ஞாயிற்றுக்கிழமைக்கும் போயா நாளுக்கும் பொருந்தாது. கடைசிப் பஸ் தவறினால் கூப்பிட ஓர் ஓட்டோக்காரரின் இலக்கம் வேண்டும்.

சிறு வருத்தத்துக்கு அப்புத்தளை வைத்தியசாலை. அதற்கு மேற்பட்டால் தியத்தலாவை ஆதார வைத்தியசாலை. பெரிய சிகிச்சைக்குப் பதுளை. 1990 இலவச அம்புலன்சைக் கூப்பிடும்போது தோட்டப் பெயரும் பிரிவும் றோட்டுச் சந்தியும் சேர்த்துச் சொல்லுங்கள். இரவில் ஒருவரைச் சந்தியில் நிறுத்துங்கள். வாகனம் ஏறமுடியாத வீட்டிலிருந்து நோயாளியை யார் தூக்கி இறக்குவது என்பதையும் அயலவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். தோட்டத்துச் சனம் இதற்கெல்லாம் கேட்காமலே வந்து நிற்பார்கள். நீங்களும் அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் நில்லுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கை மூன்று படியில் வரும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள்: விழிப்பாக இருக்கவேண்டும். 100 மில்லிமீற்றர் என்றால் செம்மஞ்சள்: பையைக் கட்டி ஆயத்தமாக இருக்கவேண்டும். 24 மணி நேரத்தில் 150, அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் சிவப்பு: வெளியேறவேண்டும். எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரில்தான் வரும்; அதனால்தான் இந்த வழிகாட்டியின் இரண்டாம் பகுதியில் பிரிவைக் கேட்டு எழுதச் சொன்னோம். முற்றத்தில் நேர்ச்சுவருள்ள ஒரு வெற்று டப்பாவை வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்தாலே உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெய்தது என்று தெரியும். எச்சரிக்கை வராவிட்டாலும் நிலத்தில் வெடிப்பைக் கண்டால் வெளியேறிவிட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள். பத்திரங்களையும் மருந்தையும் ஒரு ரோச்சையும் நீர் புகாத பையில் கட்டிக் கதவருகே வைத்திருங்கள். எந்தப் பாடசாலைக்கோ கோயிலுக்கோ போகவேண்டும், எந்தப் பாதையால் போகவேண்டும் என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். அந்தப் பாதை ஓடையைத் தாண்டுமானால் மாற்றுப் பாதை எது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.